கலிம்போங்: கம்பளி வந்த வழி

இமயமலை என்றதும் நம்மவர்களுக்கு பத்ரிநாத், கேதார்நாத், மானசரோவர் நினைவுக்கு வரும். சுற்றுலா என்றால் டார்ஜிலிங், சிம்லா. கலிம்போங் என்று சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். டார்ஜிலிங் போகிறவர்கள் ஒரு நாள் அங்கே எட்டிப் பார்த்து, நர்சரியில் கள்ளிச் செடிகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுக் காலம் லாசா, பீகிங், லண்டன், வாஷிங்டன், டெல்லி ஆகிய தலைநகரங்கள் எல்லாம் கவலையோடு கவனித்துவந்த ஊர் அது. அந்தக் கவனம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் அன்பர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2018 நவம்பரில் நானும் என் மனைவியும் அங்கே போய் ஆறு நாள் தங்கினோம். சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு இரவு கழித்து நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து சிலிகுரி வழியாக ஜீப். சமவெளி முடிந்ததும் டீஸ்டா ஆறு கூடவே வருகிறது. பச்சை நிறத் தண்ணீர், இருபக்கமும் செங்குத்தான காடு. ஆற்றைக் கடந்து வளைந்து வளைந்து மேலே ஏறினால், தெலோ, துர்பின் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மலை முதுகின்மேல் ஊர் படுத்திருக்கிறது. உயரம் சுமார் 1,250 மீட்டர். அதாவது நம் ஊட்டியைவிட நல்ல இறக்கம்; குளிர் நம் வயதுக்குத் தாங்கும். வானம் தெளிவாக இருந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே பூட்டான், வடக்கே சிக்கிம், சிக்கிமுக்கு அப்பால் திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு, மேற்கே டார்ஜிலிங் மலையைத் தாண்டினால் நேபாளம். கலிம்போங் எல்லைக்கோட்டின்மேல் இருக்கும் ஊர் அல்ல. ஆனால் எல்லையைக் கடக்கும் பாதை வந்து இறங்கும் ஊர். கலிம்போங்கிலிருந்து பெடோங், ரேனாக், ரோங்லி, குப்புப் வழியாகப் போனால் ஜெலெப் லா கணவாய். அதன் உயரம் ஏறக்குறைய 4,270 மீட்டர். அந்தப் பக்கம் இறங்கினால் யாதுங், பாரி, கியான்ட்சே, பிறகு லாசா. கோவேறு கழுதைகளுடன் மூன்று வாரத்துக்கும் மேற்பட்ட பயணம். திபெத்தின் தலைநகருக்கும் கல்கத்தா துறைமுகத்துக்கும் நடுவே இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. கலிம்போங்கின் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டுக்கும் அந்தப் பாதையே காரணம்.

ஊர் கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மலைகளின் ஆதிக்குடிகள் லெப்சா மக்கள். முதலில் சிக்கிம் அரசரின் ஆட்சி. 18ஆம் நூற்றாண்டில் பூட்டான் கைப்பற்றியது. 1864இல் ஆங்கிலேயர் பூட்டானோடு போர் தொடுத்தார்கள். 1865 நவம்பர் 11 அன்று சின்சுலா என்ற இடத்தில் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி துவார்கள் எனப்படும் அடிவாரச் சமவெளியும் கலிம்போங் மலைகளும் ஆங்கிலேயருக்கு வந்தன. பதிலுக்கு பூட்டானுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தருவதாக ஏற்பாடு. கலிம்போங் டார்ஜிலிங் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2017இல்தான் அது தனி மாவட்டம் ஆனது.

அப்போது அது சில குடிசைகள் கொண்ட கிராமம். முதலில் வந்தவர்கள் ஸ்காட்லாந்து மிஷனரிகள். அவர்களில் ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்பவரை ஊர் இன்றும் மறக்கவில்லை. 1889இல் வந்தவர், 1900இல் ஆறு குழந்தைகளோடு ஒரு விடுதியும் பள்ளியும் தொடங்கினார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரைமார்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, இரு தரப்பும் ஏற்காமல் விட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தப் பள்ளி தெலோ குன்றின் சரிவில் இன்றும் நடக்கிறது.

பாதையைத் திறந்தது மிஷன் அல்ல, துப்பாக்கி. 1903 டிசம்பரில் யங்ஹஸ்பண்ட் தலைமையில் ஆங்கிலேயப் படை ஜெலெப் லாவைத் தாண்டி திபெத்துக்குள் நுழைந்தது. 1904 மார்ச் 31 அன்று குரு என்ற இடத்துக்கு அருகே, பழங்காலத் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். செப்டம்பர் 7 அன்று லாசாவில் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். யாதுங், கியான்ட்சே, கார்தோக் ஆகிய மூன்று இடங்களில் சந்தைகள் திறக்கப்பட வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. ரத்தம் காய்ந்த அதே பாதையில் சில ஆண்டுகளில் வியாபாரம் நடக்கத் தொடங்கியது.

அங்கிருந்து வந்த சரக்குகளில் முதன்மையானது செம்மறி ஆட்டு ரோமம். திபெத்திய ரோமம் முரட்டு ரோமம். சட்டைக்கு ஆகாது, தரைவிரிப்புக்கு நன்றாக ஆகும். அதனால் அதை அதிகம் வாங்கியவர்கள் அமெரிக்கத் தரைவிரிப்பு ஆலைக்காரர்கள். கலிம்போங் கிடங்குகளில் பிரித்து, சுத்தம் செய்து, அழுத்திக் கட்டி, கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். டீஸ்டா பள்ளத்தாக்கில் 1915இல் சிறு ரயில் பாதை ஒன்றும் போட்டார்கள். 1950இல் வந்த பெருவெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு யாரும் அதைச் சீர்செய்யவில்லை.

ரோமத்தோடு கஸ்தூரியும் யாக் மாட்டின் வாலும் வந்தன. யாக் வால் என்றதும் சிரிக்க வேண்டாம். நம் கோயில்களில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம் அதுதான். கவரிமா என்று நம் புலவர்கள் சொன்னது இந்தப் பனிமலை மாட்டைத்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். வடநாட்டு, தென்னாட்டுக் கோயில்களுக்குப் போனது போக, வெள்ளை வால்கள் அமெரிக்காவுக்கும் போயின. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி செய்வதற்கு! எங்கோ பனியில் மேய்ந்த மாட்டின் வால், ஒரு பக்கம் கருவறைக்கும் இன்னொரு பக்கம் கடைத்தெரு வேடிக்கைக்கும் இந்த ஒரே ஊர் வழியாகப் போயிருக்கிறது.

திரும்பிப் போகும் கழுதைகள் சும்மா போகவில்லை. பருத்தித் துணி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சர்க்கரை, சிகரெட், கைக்கடிகாரம், தொப்பி எல்லாம் ஏறின. லாசாப் பிரபுக்களின் வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னலும், மோட்டார் காரும்கூடப் போயிருக்கின்றன. காரைத் தனித்தனிப் பாகமாகக் கழற்றி, கழுதை முதுகிலும் ஆள் தோளிலும் ஏற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

இந்த வியாபாரத்தால் ஊரில் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று பாருங்கள். திபெத்தியப் பெருவணிகர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்த மார்வாடிகள், நேபாள நேவார் வியாபாரிகள், சீனத் தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பூட்டான் அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்த டோர்ஜி குடும்பத்தார். 1925இல் தார்ச்சின் என்பவர் திபெத்திய மொழியில் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். கின்னோர் மலைப்பகுதியில் பிறந்த கிறிஸ்தவர் அவர். உலகச் செய்தியும் கலிம்போங்கில் அன்றைய ரோம விலையும் ஒரே தாளில் வரும். பதின்மூன்றாம் தலாய் லாமாவே அதன் வாசகர். 1963 வரை அது வெளிவந்தது. ஒரு மொழியின் முக்கியமான செய்தித்தாள் அந்த மொழி பேசும் நாட்டுக்கு வெளியே, ஒரு மலைச் சந்தை ஊரில் அச்சானது.

இனி, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னை இந்த ஊர் ஏன் இழுத்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிறுவயதில் நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்களில் ஒன்று அலெக்சாந்திரா தாவித்-நீல் அம்மையாரின் லாசா பயண நூல். 1924இல், 55 வயதில், பிச்சைக்கார யாத்திரிகையாக வேடம் போட்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு, வெளிநாட்டாருக்குத் தடைசெய்யப்பட்ட லாசாவுக்குள் நடந்தே போனவர். அந்த அம்மையார் 1911இல் எங்கள் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். அதன்பின் சென்னைக்குப் போனபோது ஆங்கிலேயப் போலீஸ் உயர் அதிகாரியே அவரிடம் அந்தச் சந்திப்பைப் பற்றி விசாரித்திருக்கிறார். சில மாதங்கள் கழித்து, 1912 ஏப்ரலில், அவர் போய்ச் சேர்ந்த இடம் கலிம்போங். சீனப் படைக்குத் தப்பி 1910இல் இந்தியாவுக்கு வந்திருந்த பதின்மூன்றாம் தலாய் லாமா அப்போது அங்கே பூட்டான் ஹவுஸ் என்ற மாளிகையில் தங்கியிருந்தார். அவரை அம்மையார் அங்கேதான் பேட்டி கண்டார். பிறகு 1916இல், அனுமதி இல்லாமல் திபெத்துக்குள் போய்வந்தார் என்பதற்காக ஆங்கிலேயர் அவரை சிக்கிமிலிருந்து வெளியேற்றினார்கள். பக்கத்தில் இருந்த கதவு மூடப்பட்டதால், அவர் ஜப்பான், சீனா என்று சுற்றி, மறுபக்கமாக லாசா சேர எட்டு ஆண்டுகள் ஆயின.

இன்னொரு பிரெஞ்சுக்காரர் அந்தக் கதவின் முன்னாலேயே காலத்தைக் கழித்தார். கலிம்போங்கிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, பழைய கழுதைப் பாதையில் இருக்கிறது பெடோங். 1880களில் அங்கே வந்து அமர்ந்தவர் பாதிரியார் ஒகுஸ்த் தெகோதேன். புதுச்சேரி கிறிஸ்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். சீனத்தின் பக்கமிருந்து திபெத்துக்குள் போக முயன்று முடியாமல், இந்தியாவின் பக்கமிருந்து முயல்வதற்காக வந்தார். கணவாய் தெரியும் தூரத்தில் இருந்தும் திபெத்தில் வேலை செய்ய வழி திறக்கவில்லை. காத்திருந்த காலத்தில் சபையினர் சேர்ந்து திபெத்தியம், லத்தீன், பிரெஞ்சு என மும்மொழி அகராதி ஒன்றைத் தயாரித்தார்கள்; அதில் அவருடைய உழைப்பு பெரும் பங்கு. 1899இல் அது ஹாங்காங்கில் அச்சானது. 1913இல் அவர் பெடோங்கிலேயே காலமானார்.

நாங்கள் பெடோங் போன அன்று மாதாகோயிலில் இரண்டு பெண்கள் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்து வடக்கே பார்த்தேன். மேகம் மூடியிருந்தது. போக முடியாத ஒரு நாட்டின் மொழிக்கு அகராதி எழுதியவரை நினைத்துக்கொண்டேன். பென்ஷன் வாங்கியபின் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு ஆறுதல்.

இப்போது 1950க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபரில் சீனப் படை கிழக்குத் திபெத்துக்குள் நுழைந்தது. கொரியப் போரில் சீனா இறங்கியதால், ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கா சீனச் சரக்குகளுக்குத் தடை விதித்தது. திபெத்திய ரோமமும் சீனச் சரக்கு என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து; கலிம்போங் கிடங்கில் ரோமம் தேங்கிப்போனது. கடைசியில் அந்த ரோமத்தை நல்ல விலை கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? சீன அரசாங்கம்தான். லாசா வியாபாரிகளின் மனத்தைத் தன் பக்கம் இழுக்க அதற்கு அது நல்ல வாய்ப்பாக அமைந்தது.

1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் பீகிங்கில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பஞ்சசீலம் என்று நாம் பள்ளியில் படித்தது அதன் முகவுரையில் வருவது. ஐந்து கொள்கைகளையும் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அதன் கீழே என்ன எழுதியிருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. அது முழுக்க முழுக்க வியாபாரம், யாத்திரை பற்றிய ஒப்பந்தம். சீனா தன் வணிக அலுவலகங்களை டெல்லி, கல்கத்தா, கலிம்போங் ஆகிய மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளலாம். இந்தியா யாதுங், கியான்ட்சே, கார்தோக்கில் வைத்துக்கொள்ளலாம். நாட்டின் தலைநகர், பெரிய துறைமுகம், அவற்றுக்குச் சமமாக ஒரு சின்ன மலை ஊர்.

அலுவலகத்தில் எழுத்தராக முப்பது ஆண்டுக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். எந்த ஆணை வந்தாலும் முகவுரையை விட்டுவிட்டு, எந்தத் தேதி வரை செல்லும் என்பதைத்தான் முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு ஆண்டு. 1954 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1962 ஜூனில் முடிந்தது. புதுப்பிக்கப்படவில்லை.

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஊரில் வியாபாரிகளைவிட வேவு பார்ப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்ற பேச்சு. உண்மையில் அது பழைய பழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மங்கோலிய லாமா வேடத்தில் திபெத்துக்குள் போன கிமுரா என்ற ஜப்பானியர், பிறகு கலிம்போங்கில் தார்ச்சினுடைய அச்சகத்திலேயே வேலை பார்த்திருக்கிறார். 1950களில் கிரேக்க இளவரசர் பீட்டர் அங்கே தங்கி திபெத்தியர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அதையும் வேவு என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி மூண்டு பதினான்காம் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபோது, கலிம்போங்தான் கிளர்ச்சிக்குத் தலைமையிடம் என்று சீனா குற்றம் சாட்டியது. அதை மறுத்த பிரதமர் நேருவும், அந்த ஊர் ஒற்றர்கள் கூடும் இடம் என்பதை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

1962 அக்டோபர் 20 அன்று போர் தொடங்கியது. ஒரு மாதத்தில் போர் நின்றது. கணவாய் திறக்கவில்லை.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் எண்பது வயதைத் தாண்டிய நேபாளிப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் பேசிய இந்தியும் ஆங்கிலமும் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. நான் அவரை ‘தாஜு’ என்று அழைத்தேன். நேபாளியில் அண்ணன் என்று பொருள். அவர் என்னைத் தம்பி முறையில் ‘பாயி’ என்றார். மாலையில் முற்றத்தில் தேநீரோடு உட்கார்ந்தால் பேச்சு பழைய நாளுக்குப் போய்விடும்.

பத்தாவது மைல் என்ற பகுதியில்தான் ரோமக் கிடங்குகள் இருந்தன. அவருடைய தாயார் அங்கே ரோமம் பிரிக்கும் வேலை பார்த்தவராம். வெள்ளை தனி, கறுப்பு தனி, கலப்பு தனி. நாள் முழுக்கத் தூசியில் உட்கார்ந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யும் வேலை. கணவாயில் பனி உருகும் மாதத்தில் முதல் கழுதைக் கூட்டம் வரும்போது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மணிச் சத்தம் கேட்டுவிடும் என்றார். முன்னால் வரும் கழுதைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய முடிக்குஞ்சம் கட்டியிருப்பார்களாம். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடுவார்களாம்.

“பிறகு?” என்று கேட்டேன்.

“மணி நின்றது. அவ்வளவுதான், பாயி. யாரும் வந்து இனிமேல் வராது என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வரும் என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டு அப்படிச் சொன்னாள். பிறகு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள்.”

கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தெருவில் இருந்த சீனச் செருப்புக்காரர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டுப் பையன் அவரோடு பந்து விளையாடியவன், கலிம்போங்கிலேயே பிறந்தவன், வீட்டுக்கு வெளியே நேபாளி மட்டுமே பேசுவான். போர் தொடங்கிய சில வாரத்தில் போலீஸ் வந்து எல்லோரையும் அழைத்துப்போனது. கடைக்கதவில் பூட்டு. உள்ளே தைத்து முடிக்காத செருப்புகள். அவர்கள் திரும்பி வரவில்லை.

இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. போரின்போது அஸ்ஸாம், டார்ஜிலிங், கலிம்போங் பகுதிகளிலிருந்து சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் தேவ்லி என்ற ஊரில் முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. சிலர் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்தார்கள். பலர் பிறகு சீனாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போரில் வீரமரணம் அடைந்தவர்களை நாம் நினைவுகூர்கிறோம். அது நம் கடமை. தேவ்லிக்குப் போன செருப்புக்காரர்களை யாரும் நினைவுகூர்வதில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1954, 1962 என்ற இரண்டு ஆண்டுகளும் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. புதுச்சேரிக்காரனுக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் மனப்பாடம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு. கலிம்போங்கை ஒப்பந்தத்தில் எழுதிய அதே ஆண்டில் எங்கள் ஊர் கைமாறியது. கலிம்போங்கின் கணவாய் மூடிய அதே ஆண்டில் எங்கள் எல்லை காகிதத்திலும் இல்லாமல் போனது.

புதுச்சேரியும் எல்லை ஊர்தானே? கடலைத் தவிர எல்லாப் பக்கமும் சென்னை மாகாணம். விழுப்புரம் போகும் வழியில் சுங்கச் சோதனை. அத்தை வீட்டுக்குப் போக மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று என் அப்பா சொல்வார். எங்கள் கோடு அழிந்தபோது யாரும் அழவில்லை. கடத்தல்காரர்கள் மட்டும் தொழில் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கமும் தமிழ், இந்தப் பக்கமும் தமிழ்; பாதைகள் எல்லாம் அப்படியே இருந்தன, தடை மட்டும் நீங்கியது. கலிம்போங்கில் நடந்தது நேர்மாறு. கோடு அதே இடத்தில் இருந்தது, பாதை போய்விட்டது.

எல்லை என்றால் கோடு என்று நினைக்கிறோம். கோட்டைக் காப்பதற்குப் படை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அமைச்சகம் இருக்கிறது. பாதையைக் காப்பதற்கு யாரும் இல்லை. பாதை என்பது கழுதை ஓட்டி, ரோமம் பிரிக்கும் பெண், கடன் கொடுக்கும் மார்வாடி, செருப்புத் தைக்கும் சீனர், விலை அச்சிடும் செய்தித்தாள்காரர் எல்லோரும் சேர்ந்து கட்டியது. அதில் இத்தனை பேருடைய சோறு இருந்தது. 1962இல் நம் நாடு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படை வரும் வழியைத் திறந்துவைக்க எந்த அரசாலும் முடியாது. ஆனால் மூடிய பிறகு, அந்தப் பாதையால் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதற்கு ஒரு கோப்பாவது திறந்திருக்கலாம். இழந்த நிலத்துக்குக் கணக்கு இருக்கிறது. இழந்த பிழைப்புக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

2006 ஜூலை 6 அன்று, 44 ஆண்டுகளுக்குப் பிறகு, சிக்கிமில் நாதூ லா கணவாய் வியாபாரத்துக்குத் திறக்கப்பட்டது. பட்டியலில் உள்ள சில பொருள்களுக்கு மட்டும், ஆண்டில் சில மாதங்கள் மட்டும். கலிம்போங்காரர்கள் ஜெலெப் லாவையும் திறப்பார்கள் என்று காத்திருந்தார்கள். திறக்கவில்லை. 2020இல் நாதூ லா வியாபாரமும் நின்றது.

ஆனால் கலிம்போங் செத்துப்போன ஊர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடங்களால் அது பிழைத்தது. பூட்டான், நேபாளம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பூச்செடி, கிழங்கு, ஆர்க்கிட் வளர்த்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். ஸ்விஸ் பாதிரியார்கள் கற்றுக்கொடுத்த பாலாடைக்கட்டி இன்னும் அந்த ஊர்ப் பெயரில் விற்கிறது. புதன், சனிக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. கிராமத்துப் பெண்கள் முதுகில் கூடையைச் சுமந்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். காரமான சிவப்பு உருண்டை மிளகாய் ஒன்று விற்கிறார்கள். என் மனைவி கால் கிலோ வாங்கி வந்து ஊறுகாய் போட்டாள். ஒன்றைக் கடித்தால் ஒரு தட்டுச் சோறு இறங்கும்.

பத்தாவது மைலுக்கும் நடந்து போனோம். கிடங்குகள் சில கடைகளாகவும், சில வீடுகளாகவும் மாறியிருக்கின்றன. கனமான மரக்கதவுகளும், மூட்டை இறக்க வசதியாக அகலமாக விட்ட முற்றமும் சில இடங்களில் மிச்சம். ஒரு முற்றத்தில் ஜீப் கழுவிக்கொண்டிருந்த இளைஞனிடம், இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். “ஏதோ குடோன், அங்கிள்” என்றான். அவனைக் குறைசொல்ல முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மதகடிப்பட்டு எல்லையில் என்ன இருந்தது என்று கேட்டால் இதே பதில்தான் வரும்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல காலம். மழைக்காலத்தில் டீஸ்டா சாலையில் மண் சரியும், தவிர்த்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊர் நடுவே அறை எடுங்கள். எங்கே போனாலும் ஏற்றம்தான். தெலோவில் காட்சி பார்த்ததோடு திரும்பாமல், பத்தாவது மைலில் ஒரு மணி நேரம் நடந்து, பெடோங்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். எண்பது வயதுக்காரர் யாரையாவது கண்டால் உட்கார்ந்து பேசுங்கள். மணிச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். கண்டமங்கலத்திலும் கோட்டக்குப்பத்திலும் மூட்டையைப் பிரித்துக் காட்டி ஊருக்குள் வந்தவர்கள், சோதனைச் சாவடியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.